பழையதையும் பக்கத்தில் வையுங்கள்

ஆசிரியருக்கு,

சீனத் தற்காலக் கலைக் கண்காட்சிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். சீன அரசை விமர்சிக்கும் கலைஞர் ஐ வெய்வெய் என்றாலே, அரசு அவரைக் கைது செய்தது, கண்காணித்தது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் அவர் பரப்பிய சூரியகாந்தி விதைகள், ஏறத்தாழ 10 கோடி, அத்தனையும் பீங்கான். அக்காலச் சீனப் பேரரசர்களின் அரசவைக்குப் பீங்கான் செய்தளித்த ஜிங்தெசென் நகரின் கைவினைஞர்கள் அவற்றைக் கையாலேயே தீட்டினர். இந்த மரபை அறியாதவருக்கு (விமர்சகர்களும் விலக்கல்லர்) அது வெறும் குவியல்தான்.

சிங்கப்பூரில் நான் பார்த்த ஒரு கண்காட்சியில், மையால் தீட்டிய பழைய சீனச் சுருள் ஓவியத்தின் அருகிலேயே தற்காலப் படைப்பையும் மாட்டியிருந்தார்கள். கூட்டம் அங்குதான் அதிக நேரம் நின்றது. தற்காலச் சீனக் கலையைக் காட்சிப்படுத்துவோர் இம்முறையைப் பின்பற்றலாம். அசல் கிடைக்காவிட்டால் தரமான நகலே போதும்.

– வாசகர், சிங்கப்பூர்