நீலகிரியில் ஆள் குறைந்தது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மாவட்டவாரி மக்கள்தொகைக் கட்டுரையில், 2001-க்கும் 2011-க்கும் இடையே நீலகிரியில் மட்டும் மக்கள்தொகை குறைந்ததற்கு மலை மக்களின் குடும்பக் கட்டுப்பாட்டு விழிப்புணர்வே காரணம் என்று ஒரு வரி. பாராட்டுக்கு நன்றி. ஆனால் அதற்கு நாங்கள் தகுதியானவர்கள் இல்லை.

7,62,141 பேர் 7,35,394 ஆனார்கள் என்று உங்கள் அட்டவணையே சொல்கிறது. அதிலேயே கொஞ்சம் கீழே திருப்பூர் 29 சதவீதம் ஏறியிருக்கிறது. திருப்பூர்க்காரர்கள் என்ன, வீட்டுக்குப் பத்துப் பிள்ளை பெற்றுத் தள்ளினார்களா? இந்த மலையில் பிறந்த பிள்ளைகள்தான் அங்கே பனியன் கம்பெனிகளில் செக்கிங்கும் பேக்கிங்கும் பார்க்கிறார்கள். என் மூத்தவன் அங்கேதான் இருக்கிறான், இளையவள் கோவைப் பக்கம் ஒரு மில்லில். 1998-க்கு அப்புறம் பச்சைத் தேயிலை விலை கிலோ ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, கவாத்து வெட்டும் கூலிக்கே காசில்லாமல் தோட்டங்கள் காடானபோது இளவட்டங்கள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறியது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. பிறப்பு, இறப்பு ஒரு கணக்கு. வந்தவர், போனவர் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுவிட்டு விழிப்புணர்வு என்றால் எப்படி?

நாங்களே வந்தேறிய குடிதான் ஐயா. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்று. எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்ந்த அந்தக் காலத்தில், 1971-இல் 4.94 லட்சமாக இருந்த மாவட்டம் 1981-இல் 6.30 லட்சமானது. அன்றைக்கு என்ன எழுதியிருப்பீர்கள், மலை மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்றா?

இதைச் சொல்லும்போதே சென்ற ஆண்டு உங்கள் அட்டைப்படக் கட்டுரையும் நினைவுக்கு வருகிறது. வடமாநிலத் தொழிலாளர்களின் 'படையெடுப்பு'! எங்கள் பிள்ளைகள் காலி செய்த லைன் வீடுகளில் இப்போது இருப்பது ஜார்க்கண்ட் குடும்பங்கள். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுப்பவர்கள் அவர்கள்தான். ஊர்த் தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்கள் அவர்கள் பிள்ளைகளுடையவை. அந்தப் பிள்ளைகள் மட்டும் இல்லையென்றால் பள்ளிக்கு எப்போதோ பூட்டு விழுந்திருக்கும். நாங்கள் போனால் விழிப்புணர்வு, அவர்கள் வந்தால் படையெடுப்பு. நல்ல நியாயம்.

அதுவும் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல், இன்னமும் 2011 எண்ணை வைத்தே எங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வரும் உங்கள் நிருபர் ஊட்டி ஏரியைத் தாண்டி ஒரு பேக்டரி வாசலில் நின்று விசாரித்திருந்தாலே போதும். வேண்டாம், விடுங்கள். கோத்தகிரிப் படத்தைப் போட்டு கொடைக்கானல் என்று எழுதியவர்கள்தானே நீங்கள்? அதற்கு நான் எழுதிய கடிதமும் வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அட்டவணையில் இடப்பெயர்வுக்கு என்று ஒரு தனிப் பத்தி சேருங்கள். கட்டுரை வந்த பக்கத்திலேயே வந்தால் நல்லது, கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோத்தகிரி