ஸ்பாட்டிங் ஸ்கோப்: பெரிய லென்ஸ்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைப் பயணத்துக்கான கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிப் பார்க்க முக்காலியில் பொருத்தும் சிறு தொலைநோக்கி) வாங்குவோர் கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பதிலேயே பெரிய லென்ஸ் உள்ளதை வாங்கிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. வண்டியை விட்டு அதிகம் இறங்காதவர்களுக்கு அந்த யோசனை பொருந்தும். மலைச்சரிவில் நாள் முழுவதும் நடந்து திரிபவர்களுக்கு அது பொருந்தாது என்பதோடு, ஆசையாக வாங்கிய கருவியை அடுத்த பயணத்திலேயே வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படியும் ஆக்கிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்கோப்பின் வேலை விலங்கைத் தேடுவதன்று. தேடுவதற்குக் கழுத்தில் தொங்கும் பைனாகுலர் போதும். அதில் தென்பட்ட உருவம் ஆணா பெண்ணா, முதிர்ந்ததா இளையதா, கொம்பில் எத்தனை கிளைகள், கையிலுள்ள உரிமம் அனுமதிக்கும் விலங்குதானா என்று உறுதி செய்துகொள்ளவே ஸ்கோப் தேவைப்படுகிறது. துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப்பிலேயே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எதிரே நிற்பது விலங்கா மனிதரா என்றே தெரியாத நிலையில் துப்பாக்கியை அதன் பக்கம் திருப்பும் அந்தப் பழக்கத்தை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

பெட்டியின் மேல் 20-60×65 என்றிருந்தால், உருப்பெருக்கம் 20 முதல் 60 மடங்கு வரை, முன் லென்ஸின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்று பொருள். விற்பவர் 60 என்ற எண்ணைத்தான் அழுத்திச் சொல்வார். ஆனால் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் என்ன வருகிறதோ, அதுவே கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 65 மி.மீ. ஸ்கோப்பில் அது 20 மடங்கில் 3.25 மி.மீ.; 60 மடங்கில் ஏறத்தாழ 1.1 மி.மீ. மட்டுமே. விலங்குகள் மேய்ச்சலுக்கு வெளியே வரும் விடியலிலும் அந்தியிலும் நம் கண்பாவை 5 மி.மீ. அளவுக்கும் அதற்கு மேலும் விரியக்கூடியது. அந்த நேரத்தில் 60 மடங்குக்குத் திருகினால், புதரோரம் நிற்கும் விலங்கு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நிறம் மங்கி, கொம்பு எது, அதன் பின்னாலுள்ள சுள்ளி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

80 மி.மீ. லென்ஸ் 65 மி.மீ. லென்ஸைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளியைத் திரட்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கண்ணாடியின் தரம் ஒன்றாக இருந்தால், 80 மி.மீ. ஸ்கோப்பில் 30 மடங்கில் கிடைக்கும் வெளிச்சம் 65 மி.மீ. ஸ்கோப்பில் 24 மடங்குக்கு இறக்கினால் கிடைத்துவிடுகிறது. நுணுக்கம் காட்டும் திறனிலும் இப்படித்தான். ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒன்றுக்கொன்று சுமார் 9 மி.மீ. தள்ளியிருக்கும் இரு புள்ளிகளை 65 மி.மீ. லென்ஸ் கோட்பாட்டளவில் பிரித்துக் காட்டும், 80 மி.மீ. லென்ஸ் 7 மி.மீ. வரை காட்டும். கொம்புக் கிளைகளை எண்ண இந்த 2 மி.மீ. அவசியமா என்பது ஒருபுறம் இருக்க, வெயில் ஏறித் தரையில் கானல் நெளியத் தொடங்கியதும் அந்த வேறுபாடு இருந்த இடமே தெரியாது. அப்போது எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கோப்பாக இருந்தாலும், 30 அல்லது 40 மடங்குக்கு மேல் போனால் பிம்பம் ஓடும் நீருக்கடியில் கிடப்பதுபோல் அலையும்.

இனி எடை. 80, 85 மி.மீ. ஸ்கோப்புகள் கண்ணருகு லென்ஸோடு சேர்த்துப் பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டி இருக்கின்றன, 65 மி.மீ. ஸ்கோப்புகள் பொதுவாக ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கின்றன. அரைக் கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் பெரிய ஸ்கோப்பை அசையாமல் தாங்கப் பெரிய முக்காலி வேண்டும். அதையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். எடைக்கு அஞ்சி மெலிந்த முக்காலியை வாங்கினால், சிறு காற்றுக்கே பிம்பம் நடுங்கி, பெரிய லென்ஸுக்குக் கொடுத்த பணம் அங்கேயே வீணாகும். ஆகவே நடந்து செல்பவர், அதே பணத்தில் தரமான ஈ.டி. கண்ணாடி (நிறங்கள் பிரிந்து விளிம்பில் படிவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) பொருத்திய 65 மி.மீ. ஸ்கோப்பையும் உறுதியான முக்காலியையும் வாங்குவதே சரி என்பது என் கருத்து. ஈ.டி. கண்ணாடி இல்லாத மலிவான ஸ்கோப்பில், வெளிறிய வானத்தின் முன் நிற்கும் கொம்பின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் படிந்து, விளிம்பே மசங்கிவிடும்.

கூடாரமும் பல நாள் உணவும் முதுகில் சுமப்பவர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவான 50 மி.மீ. ஸ்கோப்போடு நிறைவடையலாம், அந்தி மங்கலில் அது முதலில் கைவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 95 மி.மீ. ஸ்கோப் நிலையான ஓரிடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கே உரியது. கண்ணருகுப் பகுதி சாய்ந்த வகையா நேரான வகையா என்பது பெரும்பாலும் அவரவர் பழக்கம். சாய்ந்த வகைக்கு முக்காலியைத் தாழ்வாக வைக்கலாம் என்பதால் காற்றில் அது நன்றாக நிற்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணை 15 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி வைத்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் கடைக்குள் விளக்கொளியில் பார்ப்பதால் எதுவும் தெரியாது. மாலை மங்கும் வேளையில் வெளியே முக்காலியில் பொருத்தி, தொலைவிலுள்ள ஒரு மரக்கிளையின் நுனியைக் குறைந்த மடங்கிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே பார்த்தால், ஒரு கட்டத்துக்கு மேல் புதிதாக ஒன்றும் தெரியாமல் பருமன் மட்டும் கூடுவது புலப்படும். அந்தக் கட்டம் எந்த எண்ணில் வருகிறது என்பதை வைத்து இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிடலாம். கட்டுரையாளர் அடுத்ததாக முக்காலிகளைப் பற்றி எழுதினால், வாங்கவிருக்கும் பலருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்