சந்தோஷத்துக்காகவா குடிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் மதுப்பழக்கக் கட்டுரையில், 'சந்தோஷத்துக்காகக் குடிப்பவர்கள் மனசு வைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காலையில் கண் விழித்ததும் கை நடுங்கும். காரணமே இல்லாமல் பயம், வியர்வை, படபடப்பு. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானே போட முடியும். அந்த முகத்தில் சந்தோஷத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

டோபமைன் என்ற மூளை ரசாயனம் தூண்டும் இன்ப நாட்டமெல்லாம் பெரும்பாலும் ஆரம்பத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வருடக்கணக்கில் குடிக்கக் குடிக்க அந்த இன்பம் மங்கிப்போய், மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியை ஒட்டிய பதற்றச் சுற்றுகள் ஓங்கிவிடுகின்றன. அப்புறம் குடிப்பது அந்தப் பயத்தை அடக்கத்தான். அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கூப் பல காலமாக இதைத்தான் சொல்லிவருகிறார். எதிலும் நாட்டமில்லாமல் போவதும் இதே கோளாறில்தான். எங்கள் சொந்தக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

'நாளைக்கே' என்றது இன்னும் ஆபத்து. ஒரு கார்த்திகையில் மாலை போட்டு, அவர் ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டு மூன்று நாளில் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார், வலிப்பும் வந்துவிட்டது. தெய்வக்குற்றம் என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அரசு மருத்துவமனை டாக்டர்தான் விளக்கினார்: மது மூளையை அமுக்கிவைக்கும், அதை ஈடுகட்ட மூளை தன்னை எப்போதும் முடுக்கிவிட்டே பழகிவிடும், மதுவைத் திடீரென்று எடுத்தால் முடுக்கம் மட்டும் மிஞ்சும், உயிரே போகலாம். மனசு வைத்த மனிதருக்குத்தான் இது நடந்தது, ஐயா.

உங்கள் நகைச்சுவைப் பக்கத்தில் வாரம் தவறாமல் ஒரு குடிகாரர் தள்ளாடுகிறார். என் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் திருப்பிவிடுகிறார்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற பொடி விளம்பரத்தையும் நீங்கள்தான் போடுகிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? நானும் வாங்கிக் கலந்தேன், வேறு வழி தெரியாமல். 2003 முதல் மதுச் சில்லறைக் கடையும் அரசுடையதுதான். எங்கள் ஊரில் அதற்கு நடந்தே போய்விடலாம். சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டும். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1994லேயே அனுமதி கிடைத்தது. இங்கும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். இவ்வளவு நீளக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

நான் கேட்பது ஒரு சின்னக் கட்டச் செய்திதான். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று போடுங்கள். கூடவே அரசின் இலவச மனநல உதவி எண் 14416. கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்