முழங்கைப் படத்தில் ‘நார்மல்’ என்று எழுதுவதற்கு முன்: சென்னை டூட்டி டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டூட்டி டாக்டர்களுக்கும், ஹவுஸ் சர்ஜன்களுக்கும், எக்ஸ்ரே டெக்னீஷியன்களுக்கும்,

வணக்கம். குழந்தைகளின் எலும்புப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மாடிப்படியிலோ பார்க் சறுக்குமரத்திலோ விழுந்து வந்த குழந்தையின் முழங்கை வீங்கியிருக்கிறது, நீட்டவும் மடக்கவும் விடாமல் அழுகிறது என்றால், படத்தில் முறிவுக் கோடு தெரியவில்லை என்பதற்காக மட்டும் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

சின்னக் குழந்தையின் முழங்கை மூட்டில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அது எக்ஸ்ரேயில் விழாது. அதனால் முறிவைவிட, முறிவு விட்டுச்செல்லும் தடயத்தைத்தான் முதலில் தேட வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் மேல்கை எலும்பான ஹியூமரஸுக்குப் பின்னால் ஒரு கறுத்த நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கிருக்கும் கொழுப்புத் திட்டு சாதாரணமாக எலும்பின் குழிக்குள் மறைந்திருக்கும். மூட்டுக்குள் ரத்தம் கட்டினால் வெளியே தள்ளப்படும். முன்பக்கத் திட்டு லேசாகத் தெரிவது இயல்பு. கப்பல் பாய்போல் விரிந்து நின்றால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. 1999-இல் ஸ்காக்ஸும் மிர்சாயனும் வெளியிட்ட ஆய்வில், பின்பக்கத் திட்டு மட்டும் தெரிந்து முறிவு தெரியாத 45 குழந்தைகளில் 34 பேருக்கு, பிறகு எடுத்த படங்களில் முறிவுக்கான அடையாளம் இருந்தது. நான்கில் மூன்று பேர்! அதிலும் பாதிக்கு மேல் சுப்ராகாண்டைலர் முறிவு, அதாவது முழங்கைக்குச் சற்று மேலே ஹியூமரஸ் முறிவது.

ஆனால் படம் சரியாக இருந்தால்தான் இந்த நிழலை நம்ப முடியும். டெக்னீஷியன் நண்பர்களே, கை 90 டிகிரி மடங்கி, சுழலாமல் இருக்கும் நேரான லேட்டரல் (பக்கவாட்டுப் படம்) வேண்டும். நீட்டிய கையில் எடுத்தால் முறிவே இல்லாமலும் அந்தத் திட்டு வெளியே தெரியும். அழுகிற குழந்தையை, அதுவும் வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது, அப்படிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்; அவருக்கும் ஈய ஏப்ரன் கொடுங்கள். வலிக்கு முதலிலேயே மருந்து கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் படத்தின் மேல் இழுத்துப் பார்க்க வேண்டிய இரண்டு கோடுகள். ஹியூமரஸின் முன்விளிம்பை ஒட்டி இழுக்கும் கோடு அதன் கீழ்முனையின் வெளிப்பக்கத்தில் உருண்டையாக இருக்கும் கேபிடெல்லத்தின் நடுப்பகுதியில் போக வேண்டும் (நான்கு வயதுக்குக் கீழ் கொஞ்சம் முன்னால் போகலாம்). கேபிடெல்லம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் சரிந்திருந்தால் சுப்ராகாண்டைலர் முறிவை நினையுங்கள். முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் கழுத்து வழியாக இழுக்கும் கோடு எந்தப் படத்திலும் கேபிடெல்லத்தைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் ரேடியல் ஹெட் (ரேடியஸின் மேல்முனை) மூட்டிலிருந்து விலகியிருக்கிறது. உடனே முன்கை முழுவதையும் படமெடுத்து, முன்கையின் இன்னொரு எலும்பான அல்னாவிலும் முறிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது லேட்டரல் காண்டைல் முறிவு, அதாவது ஹியூமரஸ் கீழ்முனையின் வெளிப்பகுதி முறிவது. முறிவு பெரும்பாலும் குருத்தெலும்பு வழியாக ஓடுவதால், வெளிப்புறம் மெல்லிய சீவல் ஒன்று மட்டுமே படத்தில் தெரியலாம். சந்தேகம் வந்தால் கையை உள்பக்கம் திருப்பி ஒரு சாய்வுப் படம் எடுத்துவிடுங்கள். தவறவிட்டால் எலும்பு சேராமலே போகலாம். குழந்தை வளர வளர முழங்கை வெளிப்பக்கம் கோணும். பல வருஷம் கழித்து முழங்கையின் உள்பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு இழுபட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். விலகாத முறிவுகூட சிலாப் எனும் பாதி மாவுக்கட்டுக்குள்ளேயே விலகக்கூடும் என்பதால், ஒரு வாரத்துக்குள் மறுபடம் கட்டாயம்.

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து, வாட்ஸாப்பில் ஆர்த்தோ டாக்டருக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் படத்தில் இந்தக் கொழுப்பு நிழல் காணாமலே போய்விடும். முடிந்தவரை அசல் டிஜிட்டல் படத்தையே அனுப்புங்கள்.

‘ஒன்றுமில்லை’ என்று நாம் சொன்ன பிறகும் பிள்ளை ராத்திரி முழுக்க அழுதால் பெற்றோர் என்ன செய்வார்கள்? எண்ணெய் போட்டு நீவுவார்கள். இல்லையென்றால் காலையில் புத்தூர் கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலிக்குக் காரணம் சொல்லாமல் அனுப்பியது நாம்தான். வீங்கிய முழங்கையை இறுக்கிக் கட்டினால் கைக்கு ரத்த ஓட்டமே தடைப்படலாம்.

ஆகவே அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: “படத்தில் முறிவு தெளிவாகத் தெரியலை. ஆனா மூட்டுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, சின்ன முறிவு இருக்க வாய்ப்பு அதிகம். சிலாப் போடுறோம். நீவ வேண்டாம். விரல் நிறம் மாறினாலோ, விரலை நீட்டினாலே துடிச்சு அழுதாலோ, ராத்திரின்னு பார்க்காம உடனே கூட்டிட்டு வாங்க.” சிலாபைத் தளர்வாகப் போடுங்கள். விரலின் நிறம், நாடி, அசைவு மூன்றையும் பார்த்துக் குறித்துவையுங்கள். மறுபடியும் வரவேண்டிய ஆர்த்தோ ஓ.பி. தேதியைச் சீட்டில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
குழந்தைகளின் எக்ஸ்ரே படிக்கும் ஒரு டாக்டர்,
சென்னை