பாதிப் பைப்பை மட்டும் ஏன் மாற்றித் தருவதில்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பழைய காரீயக் குழாயில் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் துண்டை மட்டும் மாற்றுங்கள், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கேட்ட சிலரிடம் முடியாது என்று சொல்லிவிட்டோம். அவர்களுக்கு எங்கள் மேல் வருத்தம். வேலையைப் பெரிதாக்கிக் காசு பார்க்கிறோம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காரணத்தை நாங்கள்தான் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதற்காகவே இந்த மடல்.

பழைய கட்டடங்களில், தெருவிலுள்ள மெயின் லைனிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் காரீயத்தால் ஆனதாக இருக்கலாம். (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம், அது வேறு உலோகம். இரண்டையும் "ஈயம்" என்றே சொல்லிப் பழகியதால் குழப்பம் வருகிறது. இந்த மடலில் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.) காரீயத்தை வளைப்பது எளிது, துருப்பிடிக்காது, மண் கொஞ்சம் இறங்கினாலும் உடையாது. அந்தக் காலத்தில் எங்கள் தொழிலுக்கு அது செல்லப்பிள்ளை. பிளம்பர் என்ற சொல்லே காரீயத்தின் லத்தீன் பெயரான பிளம்பம் என்பதிலிருந்து வந்ததுதான்.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்று நீங்களே பார்க்கலாம். குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மங்கிய சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளிபோலப் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது காரீயம். காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சுரண்டிய இடம் செம்பு நிறமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது செம்புக் குழாய்தான்.

காரீயக் குழாயிலிருந்து தண்ணீரில் கரையும் ஈயம் உடலுக்கு நஞ்சு, ஆனால் அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. காய்ச்சினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி ஈயம் அப்படியே தங்குவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏற்பதைப்போல 4 முதல் 5 மடங்கு வரை சின்னக் குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்ளும். குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆனால் இந்த அளவு வரை தீங்கே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

சரி, பாதி மாற்றினால் பாதி ஈயமாவது குறையாதா? நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். பழைய காரீயக் குழாயின் உள்சுவரில் பல ஆண்டுகளாக ஒரு படிவு ஏறியிருக்கும். தண்ணீரை ஈயத்திடமிருந்து ஓரளவு பிரித்து வைப்பது அந்தப் படிவுதான். நடுவில் அறுக்கும்போது ஏற்படும் அதிர்வில் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், குழாய்த் தண்ணீரோடு வரும். போதாக்குறைக்கு, மிச்சமுள்ள காரீயத்தோடு செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால் இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் அரித்துப்போவது காரீயம்தான். பிளாஸ்டிக் குழாய் போட்டால் பேட்டரித் தொல்லை இல்லை, உதிரும் தொல்லை இருக்கவே இருக்கிறது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2000-ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிப் பாதி இணைப்பை மட்டும் மாற்றினார்கள். பிறகு குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்த விவரங்களைப் பார்த்தபோது, பாதி மாற்றியதால் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதே நாட்டின் மேடிசன் நகரம் 2001-இல் தொடங்கி, தெருப் பக்கமும் வீட்டுப் பக்கமும் சேர்த்து முழு இணைப்பையும் மாற்றியது. நாங்கள் இப்போது பின்பற்றுவது அந்த வழியைத்தான்.

"தண்ணீரில்தான் பாஸ்பேட் கலக்கிறார்களே, குழாய் அரிக்காதே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பாஸ்பேட் உள்சுவரில் காப்புப்படிவை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காப்பு தண்ணீரின் தன்மையை நம்பி இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது பாஸ்பேட் போன்ற அரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். குழாய்கள் அதே பழைய குழாய்கள்தான், ஆனால் ஈயம் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

மாற்றும் வேலையில் இன்னொன்றும் உண்டு. காரீயக் குழாய்க்கு அடுத்து ஜி.ஐ. பைப் இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுவோம். அதன் துரு பல ஆண்டுகளாக ஈயத்தைப் பிடித்து வைத்திருந்து, மெல்ல மெல்ல வெளியே விடும். தெருப் பக்கத்துத் துண்டு தண்ணீர் வழங்குபவர்கள் பொறுப்பில் இருந்தால், அவர்களும் நாங்களும் ஒரே நாளில் வேலை செய்யும்படி தேதி வாங்குவோம். இதனால்தான் சில வீடுகளுக்குத் தாமதமாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் குழாய் போட்டவுடன் எல்லாம் முடிந்துவிடாது. அன்றே குழாய் முனைகளிலுள்ள சல்லடைகளைக் கழற்றி, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி எல்லாக் குளிர்நீர்க் குழாய்களையும் குறைந்தது அரை மணி நேரம் முழுதாகத் திறந்துவிடுவோம். தண்ணீர் வீணாகிறதே என்று பாதியில் மூடச் சொல்லாதீர்கள். அப்புறம் ஆறு மாதத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஈயத்தை நீக்கும் சான்று பெற்ற ஃபில்டர் வழியாகப் பிடித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். "ஃபில்டர்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, ஈயம் என்று சான்றில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

உங்கள் முறை வரும்வரை குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் மாவு கலக்க, வெந்நீர்க் குழாயில் பிடிக்காதீர்கள். வெந்நீர் ஈயத்தை அதிகம் கரைக்கும். இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் முதலில் ஓடவிட்டு, வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அன்று எங்களுக்கு வேண்டியது தேங்கி நின்ற அந்த முதல் தண்ணீர்தான். ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமல் இருந்தால்தான் அது கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் குழாய் வேலைக்காரர்கள்