பூனைகளை ஏற்காட்டில் விடாதீர்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் எடுத்த முடிவை அறிவிப்புப் பலகையில் படித்தேன். பார்க்கிங்கில் திரியும் பூனைகளையும், "ரத்தப் புற்றுநோய் பரப்பும்" எங்கள் வீட்டுப் பூனை செம்பனையும் பிடித்து ஏற்காடு மலைப் பாதையில் கொண்டுபோய் விடுவதாகவும், வண்டிச் செலவை மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. இதை உங்கள் வீட்டுக்கு வந்தே பேசியிருப்பேன். ஆனால் "மலையில விட்டா எலி பிடிச்சுப் பிழைச்சுக்கும்" என்ற பேச்சை நம் சேலத்தில் அஸ்தம்பட்டியிலும் கேட்டிருக்கிறேன், கன்னங்குறிச்சியிலும் கேட்டிருக்கிறேன். நம் குடியிருப்போடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், உங்களில் பலர் உண்மையாகவே பயந்திருக்கிறீர்கள். குழந்தைகள் ஓடியாடுகிற இடம், பெரியவர்கள் இருக்கிற இடம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

செம்பனுக்கு இருப்பது பூனை லுகேமியா வைரஸ். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, ரத்தசோகையும் ரத்தப் புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. 1964-இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில், வில்லியம் ஜாரெட் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எவ்வளவோ ஆராய்ச்சி நடந்தும் இது மனிதருக்குத் தொற்றியதாக ஒரு சான்றும் கிடையாது. வீட்டு நாய்களுக்கும் வராது. பூனையிடமிருந்து பூனைக்குத்தான். அதுவும் பெரும்பாலும் எச்சில் வழியாக. ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது, ஒரே தட்டில் நாள் கணக்கில் சாப்பிடும்போது, சண்டையில் கடிபடும்போது. தாய்க்கு இருந்தால் வயிற்றிலேயே குட்டிக்குப் போகலாம், பால் வழியாகவும் போகலாம். உடம்பை விட்டு வெளியே வந்தால் இந்த வைரஸ் காய்ந்த இடத்தில் சில மணி நேரம் தாங்குவதே பெரிது. சோப்புத் தண்ணீர் பட்டாலே செத்துவிடும். ஆக லிஃப்டிலும் மாடிப்படியிலும் இது ஒட்டிக்கொண்டு காத்திருக்காது. போதாததற்குச் செம்பன் எங்கள் வாசற்படியையே தாண்டுவதில்லை.

மூன்றாவது மாடி அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "பூனை இருக்கற இடத்துல எப்படி?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அவர் கேள்விப்பட்டது டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறொரு கிருமியைப் பற்றி. அதற்கும் லுகேமியாவுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கிருமி உள்ள பூனையின் மலம் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் மணல் தட்டைத் தினமும் அள்ளிவிட்டால் போதும், அதையும் கர்ப்பிணி செய்யக் கூடாது. சரியாக வேகாத கறியும், கழுவாத கீரை காய்கறியும், தோட்ட மண்ணும் அந்தக் கிருமிக்கு முக்கியமான வழிகள். எங்கள் வீட்டில் தினமும் காலையில் தட்டை அள்ளுவது நான்தான். அக்காவிடம் இதை நேரிலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம், மழைக் காலத்தில் ஜெனரேட்டர் பக்கம் குட்டிகள் அடுத்தடுத்துச் செத்ததைச் செம்பன் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் குட்டிகளை வாட்ச்மேன் அண்ணனும் நானும்தான் எடுத்துப் புதைத்தோம். வாந்தி, நாற்றமடிக்கும் பேதி, இரண்டு மூன்று நாளில் சாவு. லுகேமியா அப்படிக் கொல்லாது. அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உள்ளே அரிக்கும் நோய். எங்கள் டாக்டரிடம் சொன்னபோது அவர் சந்தேகப்பட்டது பான்லூகோபீனியா என்ற வேறொரு பூனைத் தொற்றுநோயை. அந்த வைரஸ் இதற்கு நேர்மாறு. தரையிலும் சாக்கிலும் ஒரு வருஷம்கூடக் கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு மசியாது, பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும். கழுவ வேண்டிய இடம் இன்னும் கழுவப்படாமலே கிடக்கிறது. இருக்கிற பூனைகளை மலைக்கு ஏற்றிவிட்டால் நாளைக்கு வேறு பூனைகள் அதே இடத்துக்கு வந்து குட்டி போடும், அவையும் சாகும்.

இனி மலைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை எங்கே நிறுத்தி எந்த வளைவில் சாக்கை அவிழ்ப்பதாக இருக்கிறீர்கள்? பார்க்கிங்கில் பிறந்து, மிஞ்சிய சோறும் மீன் தலையும் தின்று வளர்ந்த பூனைக்குக் காடு பழக்கமில்லை. குரங்கும் நாயும் லாரி வெளிச்சமும் இருக்கிற இடம். அங்கே பிழைக்கிற ஒன்றிரண்டும் காட்டுக்குள் போகாது. மனிதர் இருக்கும் வெளிச்சத்தைத் தேடி காபி எஸ்டேட் லைன் வீடுகளுக்குத்தான் போகும். அந்த வீடுகளில் ஏற்கெனவே பூனை இருக்கும். எலிக்காக வளர்ப்பார்கள், பிள்ளைகள் மடியில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். புதிதாக வந்த கடுவன் அங்கிருக்கும் கடுவனோடு சண்டை போடும், அதன் தட்டில் வாய் வைக்கும். இப்படித்தான் இந்த வைரஸ் ஊர் விட்டு ஊர் போகிறது. நம் குடியிருப்பில் யாருக்கும் வராத நோயை, ஒரு வண்டி வாடகை கொடுத்து, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பூனைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் இது முடியும். மருத்துவமனைக்குப் போக அவர்கள் மலை இறங்கி வர வேண்டும்.

காட்டுப்பூனை இனம் தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் குன்றுகளிலும் பரவலாக உண்டு. அவற்றுக்கும் ஆபத்து. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2002 முதல் 2004 வரை அழிவின் விளிம்பில் இருந்த சிறுத்தை போன்ற பெரிய பூனையினத்துக்கு இந்த வைரஸ் வந்தது, வீட்டுப் பூனையிடமிருந்து. நோய் வந்த ஐந்தும் செத்தன. ஸ்பெயினில் 2007-இல் ஐபீரிய லின்க்ஸ் என்ற அரிய பூனையினத்திலும் அதே கதை. இரண்டு நாடுகளிலும் காட்டு விலங்கைப் பிடித்துத் தடுப்பூசி போட வேண்டிய நிலை வந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அப்படி ஒன்று நடந்தால் யார் பிடித்து யார் ஊசி போடுவது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசி, தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். குடியிருப்பு நலச் சங்கங்கள் செல்லப் பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குழுவில் யாரோ "விஷம் வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். விலங்குக்கு விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரியது. சொன்னவர் கோபத்தில் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன்.

"இவ்வளவு கஷ்டப்படுத்தறதுக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாமே" என்று அன்பாகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் செம்பன் எப்படி இருக்கிறான் என்று காட்ட ஆசைப்படுகிறேன். வீட்டுக்கு வந்து பாருங்கள். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, சோதனையில் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பூனையைக் கருணைக்கொலை செய்யக் கூடாது என்கிறது. நோய் தங்கிவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடுகின்றன, உண்மைதான். நல்ல கவனிப்பில் அதையும் தாண்டி வாழ்கிறவையும் இருக்கின்றன. வைரஸை உடம்பை விட்டு விரட்டும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் வருகிற ஒவ்வொரு தொந்தரவுக்கும் வைத்தியம் பார்க்கலாம். அந்தக் காலம் வலியில்லாமல், வயிறார, பயமில்லாமல் கழிய வேண்டும் என்பதுதான் நாங்கள் செய்வது.

சோதனை சின்னது. இரண்டு சொட்டு ரத்தம், கையளவு கிட், பத்து நிமிஷத்தில் கோடு தெரியும். ஒரு தடவை பாசிட்டிவ் வந்ததும் முடிவு கட்டிவிடக் கூடாது. சில பூனைகளின் உடம்பே வைரஸை அடக்கிவிடும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி பார்த்தோம், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் ரத்தம் அனுப்பினோம். அதன் பிறகுதான் நம்பினோம். பால்கனிக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கம்பி வலை வாங்கி அடித்தோம். அதை "அழகைக் கெடுக்கிறது" என்று குறித்திருந்தீர்கள். அந்த வலைதான் செம்பனிடமிருந்து பார்க்கிங் பூனைகளைக் காப்பாற்றுகிறது, அங்கிருக்கும் சளியிலிருந்து செம்பனையும் காப்பாற்றுகிறது.

தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் அவன் மேலுதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி. வெளுத்திருந்தால் ரத்தசோகை, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஒருமுறை அப்படி வெளுத்தபோது தெள்ளுப்பூச்சி மூலம் வரும் ரத்தக் கிருமி என்று தெரிந்து டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். அந்த மாத்திரையை விழுங்க வைத்ததும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரும் புகட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பூனைக்கு மாத்திரை கொடுக்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே இன்னொன்று. காய்ச்சலுக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி குரூப்பில் ஒருவர் போட்டிருந்தார். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், துணுக்குகூட உயிரை எடுக்கும்.

வாராவாரம் எடை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை நின்று கழித்துப் பார்ப்பேன். கழுத்து, தொடை இடுக்கில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பேன். பச்சைக் கறி, பச்சை முட்டை, காய்ச்சாத பால் எதுவும் கிடையாது. வெந்த கோழியை வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாய்ப்புண் இருக்கும் நாளிலும் சாப்பிடுவான். தும்மல் வந்தாலும் "பார்க்கலாம்" என்று விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ரத்தப் பரிசோதனை. கருத்தடையும் செய்தாயிற்று. இடம் மாறுவது, பட்டாசு, புது ஆட்கள், புது பூனை, இந்த மாதிரிப் பதற்றங்கள் அவனுடைய கொஞ்சநஞ்ச எதிர்ப்புச் சக்தியையும் கரைத்துவிடும். சாக்கில் கட்டி மலையேற்றுவது அவனை என்ன செய்யும் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

பார்க்கிங் பூனைகளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் கருத்தடை, கூடவே வெறிநோய் ஊசியும், பான்லூகோபீனியா உட்பட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியும். கருத்தடை ஆனால் கடுவன்கள் கடித்துக்கொள்வது குறையும், ராத்திரிக் கத்தல் குறையும், தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் வழியும் அடைபடும். அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். தெருப் பூனை அத்தனைக்கும் லுகேமியா சோதனை செய்ய நம்மிடம் பணம் இல்லை, அது அவசியமும் இல்லை என்பது என் கருத்து. நோயுற்று இளைத்திருப்பவை, யாராவது வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளப் போகிறவை, இவற்றுக்குப் பார்த்தால் போதும். பாசிட்டிவ் ஆன ஒன்றை வேறு பூனை இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுக்கலாம். ஏற்கெனவே பூனை வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரணமாகப் போடும் மூன்று நோய் ஊசியில் லுகேமியா சேராது, அதற்கு ஊசி தனி. கிடைக்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஜெனரேட்டர் பக்கம் யாரோ நல்ல மனதோடு ஒரே பெரிய தட்டில் சோறு வைக்கிறார்கள். அதற்குப் பதில் சின்னச் சின்னத் தட்டாகத் தள்ளித் தள்ளி வைத்து, தின்றதும் சோப்பு போட்டுக் கழுவி எடுத்துவிடலாம். நாற்றமும் எறும்பும் இருக்காது. கழுவுகிற வேலை எங்களுடையது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். வண்டிக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கருத்தடைச் செலவுக்குக் கொடுங்கள், மீதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஜெனரேட்டர் தரையை ஒருமுறை பிளீச்சிங் போட்டுக் கழுவ ஆள் விடுங்கள், பிளீச்சிங் நெடி போகும்வரை பூனைகள் அந்தப் பக்கம் வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்து நாமக்கல்லில் 1985-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து ஒரு மருத்துவரை அழைத்து நம் சமுதாயக் கூடத்தில் பேசச் சொல்லலாம். என் பேச்சில் சந்தேகம் இருப்பவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

செயலாளர் சார், அடுத்த கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் ஒதுக்குங்கள். பரிசோதனை அறிக்கைகளையும் சட்டப் பிரிவுகளின் நகலையும் கொண்டுவருகிறேன். அதுவரை பூனை பிடிக்க வருவதாக இருந்த ஆட்களை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடியில் குடியிருக்கும் உறுப்பினர்
சேலம்