‘தெரியலையே, வா பார்க்கலாம்’ என்றவர்களுக்கு

மகன் தொடக்கநிலையை முடித்து ஒரு வாரம் ஆகிறது. பள்ளிக்கு ஒரு வாழ்த்து அட்டை, வகுப்பாசிரியைக்கு ஒரு பூங்கொத்து என்று முறைப்படி நன்றி சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான், நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளியின் வாசலையே மிதித்ததில்லை என்பது உறைத்தது. அதனால் இது அவர்களுக்கு. படிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தோட்டத்து சீன ஆன்ட்டிக்கு நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம். சிங்கப்பூரில் ரொம்பச் சின்னப் பள்ளி, முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியும், அவ்வளவுதான். பிஒய்பி பாடத்திட்டம், அதாவது இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற உலகளாவிய கல்வி அமைப்பின் தொடக்கநிலைத் திட்டம். 1997இல் தொடங்கியது, பாடத்தை அத்தியாயமாகப் பிரிக்காமல் ஆறு பெரிய தலைப்புகளாக வைத்துக்கொண்டு, அதற்குள் பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடிப் போக வேண்டும் என்பார்கள். சேர்த்த புதிதில் எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்பு அவன் போன ஒரு பாலர் பள்ளியில் ‘உங்கள் பிள்ளை கேள்வி கேட்டே வகுப்பைக் கெடுக்கிறான்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள், அந்தக் கோபத்தில் எடுத்த முடிவுதான் இது. திருச்சியில் இருக்கும் என் அண்ணன் ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் ‘பாடப்புத்தகம் எங்கே?’ என்று கேட்பான், என்னிடம் பதில் இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை துணைப்பாட வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பாள், அவள் அம்மா தொடக்கநிலை இறுதித் தேர்வுக்கு ஏஎல் 1, ஏஎல் 2 என்று தரநிலைக் கணக்குப் போடுவார், என் மகனோ லிஃப்ட்டுக்குள் அரிசிப் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருப்பான்.

அந்த லிஃப்ட் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வகுப்பில் ஒருநாள், லிஃப்ட் கீழே இறங்கும்போது வயிறு ஏன் ஒரு மாதிரி கூசுகிறது என்று கேட்டிருக்கிறான். ஆசிரியை, ‘எனக்குத் தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கலாம் சொல்லு’ என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரியாது என்று சொல்லவா மாதாமாதம் இவ்வளவு கட்டணம் வாங்குகிறார்கள்? ஆனால் மறுநாள் அவன் என் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு, அதன்மேல் இரண்டு கிலோ அரிசியை வைத்துப் பன்னிரண்டாம் மாடியிலிருந்து இறங்கினான். லிஃப்ட் நகரத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் முள் பின்னால் போனது, நிற்கும்போது முன்னால் குதித்தது. ‘அம்மா, அரிசிக்கும் வயிறு கூசுது!’ அன்றைக்கே எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோபம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். (பத்து வயதில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரல் விட்டான், அதற்காகப் பள்ளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் காலையும் மாலையும் வாய்ப்பாடு சொல்ல வைத்துச் சரிசெய்தார்.)

சரி, கடைசி ஆண்டுக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் முடிக்கும் ஆண்டில் பிள்ளைகள் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆராய்ந்து கண்காட்சி வைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கடலாமை, செயற்கை நுண்ணறிவு என்று போனார்கள். இவன் எடுத்தது குப்பை. எங்கள் வீடு ஹவ்காங் வட்டாரத்தில் பழைய புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். மூடியைத் திறந்து போட்டால் தடதடவென்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ‘அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன ஆகுது?’ இதுதான் அவன் கேள்வி.

முதல் நன்றி, எங்கள் புளோக்கைத் துப்புரவு செய்யும் புதுக்கோட்டைத் தம்பிக்கு. காலை ஆறரை மணிக்கு ஒரு பையன் வந்து ‘அண்ணா, கீழே கதவைத் திறந்தா என்ன இருக்கும்?’ என்று கேட்டால் யாராயிருந்தாலும் விரட்டிவிடுவார்கள். நீங்கள் அவனுக்குக் கையுறை கொடுத்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, குழாய் வந்து முடியும் அறையைக் காட்டினீர்கள். நீலத் தொட்டியையும் திறந்து காட்டினீர்கள். மறுசுழற்சிக்கு என்று வைத்த தொட்டிக்குள் பாதி குடித்த கோப்பியும் மிச்சச் சோறும். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படி அசுத்தத்தால் வீணாகிறது என்று பிறகு அவன் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் பக்கத்தில் படித்தபோது, ‘அண்ணா அப்பவே சொன்னாரு’ என்றான். வீடுகளின் மறுசுழற்சி 2023இல் 12 விழுக்காடுதான் என்பதையும் அங்கேதான் பார்த்தோம்.

அடுத்து, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன். வீட்டுக் குப்பையை எடை போட வேண்டும், சமையலறைத் தராசைத் தர நான் மறுத்துவிட்டேன். (அரிசி வேறு, குப்பை வேறு.) நீங்கள் பரணிலிருந்து ஒரு பழைய கொக்கித் தராசை எடுத்து, துரு தட்டி, ‘ஒரு வாரத்துல கொண்டா’ என்று கொடுத்தீர்கள். அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. பதினான்கு நாள் ஒவ்வொரு பையையும் அதில் மாட்டினோம், கனத்ததில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. வெங்காயத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் ஓடு.

இதை எல்லோரையும்விட என் அம்மா அவமானமாக எடுத்துக்கொண்டார். ‘எங்க வீட்டுல குப்பைன்னு ஒண்ணு இருந்ததே இல்லடா. மாடு தின்னது போக மிச்சம் எருக்குழிக்குப் போகும்.’ எருக்குழி என்றால் என்ன என்று அவன் கேட்க, அம்மா விளக்க, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வராந்தாவில் ஒரு மண்சட்டியில் காய்ந்த இலையும் காய்கறித் தோலுமாக அடுக்கினார்கள். இரண்டாவது வாரம் நாறியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டதற்கும் இங்கே ஒரு நன்றி. கீழே இருக்கும் சமூகத் தோட்டத்து ஆன்ட்டிதான் அம்மாவைப் பார்த்துச் சைகையிலேயே, ஈரம் அதிகம், இலை போதவில்லை என்று புரியவைத்து, ஒரு மூலையில் இடமும் கொடுத்தார். ஒருவர் பேசுவது தமிழ், ஒருவர் பேசுவது தியோச்சியூ என்ற சீன மொழி. இப்போது அங்கே வெண்டைக்காய் காய்க்கிறது.

இனி ஐயாவுக்கு. எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடையில் தினமும் நான்கு மணிக்குத் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் ஐயா.

நம் குப்பை எரிக்கப்படுகிறது, எரித்தால் அதன் கன அளவு 90 விழுக்காடுவரை குறையும், மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பும் இடத்துக்குப் போகிறது, அந்த 350 ஹெக்டேர் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். இதெல்லாம் அவன் படித்துத் தெரிந்துகொண்டதுதான். 2035இல் எனக்கு 22 வயது, தேசியச் சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்திருப்பேன் என்று எழுதியும் வைத்தான். செமாக்காவ் 1999 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது என்று இருந்தது. அப்படியானால் மார்ச் 31ஆம் தேதி குப்பை எங்கே போனது? காப்பிக்கடையில் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ‘லோரோங் ஹாலுஸ்’ என்று ஒரு குரல். செமாக்காவ் வருமுன் குப்பை கொட்டிய இடம் அது.

அதுவரை நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஐயா. நாம் ஏழு வருடமாக வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டவர்கள். இருபது வருடத்துக்கு மேல் குப்பை லாரி ஓட்டியதாகச் சொன்னீர்கள். மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும் என்றீர்கள், வீட்டுக்குப் போனால் உங்கள் அம்மா வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வார் என்றீர்கள், பள்ளிப் படிவங்களில் உங்கள் பிள்ளைகள் ‘டிரைவர்’ என்று மட்டும் எழுதுவார்கள், எதை ஓட்டுகிற டிரைவர் என்று எழுத மாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அவன் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். ‘தாத்தா, அப்போ அந்தக் குப்பையெல்லாம் இன்னும் அங்கேயே கீழே இருக்கா?’ நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். ‘தெரியலையே. வா, பார்க்கலாம்.’

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். பொங்கோலில் சிராங்கூன் ஆற்றோரமாக நடந்து அந்தச் சிவப்புப் பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டீர்கள். மூக்கை உறிஞ்சி ‘நாத்தமே இல்லையே’ என்றீர்கள், ஏதோ யாரோ உங்களை ஏமாற்றிவிட்ட மாதிரி. அங்கே இப்போது சதுப்புநிலம், நாணல், குளங்கள், கொக்கு. பழைய குப்பைக்குள் இறங்கும் மழைநீர் ஆற்றில் கலக்காமல் இருக்க மண்ணுக்குள் சுவர் எழுப்பி, அந்த நீரைச் சேர்த்து நாணல் பாத்திகள் வழியாக விட்டுச் சுத்தம் செய்கிறார்கள் என்று பலகையில் இருந்ததை அவன் உங்களுக்கு வாசித்துக் காட்டினான். அப்படியானால் குப்பை கீழேதான் இருக்கிறது. லாரியை எங்கே எடை போட்டார்கள், எங்கே கொட்டினார்கள் என்று அவனுக்குக் காட்ட நீங்கள் அரை மணி நேரம் தேடினீர்கள், எதுவும் அடையாளம் தெரியவில்லை. திரும்பும் வழியில் நீங்கள் பேசவில்லை, அவனும் பேசவில்லை, என் மகன் இருபது நிமிடம் பேசாமல் வந்தது அதற்கு முன் எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

ஐயா பேசியதை ஆங்கிலத்தில் போட்டால் சப்பென்று இருக்கிறது, தமிழிலேயே வைக்கிறேன் என்று அவன் அடம்பிடித்தபோது கைகொடுத்தவர், சனிக்கிழமைகளில் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளியில் தமிழ் கிடையாது. குப்பைக் குழாய்க்கு நல்ல தமிழ்ச்சொல் கேட்டதற்கு, ‘நீயே ஒண்ணு சொல்லு, சரியா இருக்கான்னு பார்ப்போம்’ என்றாராம். டீச்சர், நீங்களும் அந்தக் கட்சிதானா! அவன் வைத்த பெயர் ‘விழுகுழல்’. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடித்ததாகச் சொன்னான்.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. ஐயா தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். அட்டைகளையும் படங்களையும் பார்த்தவர்களைவிட அவரைச் சுற்றி நின்றவர்கள்தான் அதிகம். ஒரு சின்னப் பெண் ‘நீங்க என்ன வேலை பார்த்தீங்க?’ என்று கேட்டாள், ‘குப்பை லாரி ஓட்டினேன்’ என்று சத்தமாகவே சொன்னார்.

ஆசிரியைக்கு ஒரு வரி: லிஃப்ட் விஷயத்தில் உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாதா, இல்லை தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னீர்களா என்று ஆறு வருடமாகக் கேட்க நினைக்கிறேன். சொல்ல வேண்டாம், இருக்கட்டும்.

தேக்கா அண்ணனுக்கு: தராசு பத்திரமாக இருக்கிறது. கொக்கி கொஞ்சம் வளைந்துவிட்டது, அது எங்கள் வேலைதான், தேங்காய் ஓட்டுப் பையை மாட்டிய அன்று நடந்தது. புதுக் கொக்கிக்கு என்ன ஆகும் என்று தயங்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை கொண்டுவருகிறோம். விற்காமல் மிஞ்சும் கருவேப்பிலை ராத்திரி எங்கே போகிறது என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம் அவனுக்கு.